ஒரே நகரம், இரண்டு தாள்கள்: பெங்களூரில் தமிழ்ப் புனைவின் எல்லைக்கோடு

1

பெங்களூர்த் தண்டு இரயில் நிலையத்திற்கு வடகிழக்கே, பிரேசர் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் ஆகியவற்றை ஒட்டி அமைந்திருக்கிறது ரிச்சர்ட்ஸ் டவுன். பெயர் ஆங்கிலம், நகரம் கன்னட நாட்டின் தலைநகர், ஆனால் இப்பகுதித் தெருக்களில் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவரும் மொழிகளில் தமிழும் ஒன்று. இது தற்செயலாக நிகழ்ந்ததன்று. 1809இல் ஆங்கிலேயர் இங்கே படைத் தளம் அமைத்தபோது, சென்னை மாகாணத்துப் படைப்பிரிவுகளோடு தமிழ் பேசும் சிப்பாய்களும், அவர்களை நம்பி வணிகரும், கொத்தனாரும், வண்டியோட்டிகளும், வீட்டுப் பணியாளரும் வந்து சேர்ந்தனர். 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து தண்டுக்கு இரயில் பாதை திறக்கப்பட்டதும் இந்த வரவு பெருகியது. 1898இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின், நெரிசல் குறைந்த புதிய குடியிருப்புகள் திட்டமிட்டு எழுப்பப்பட்டன. தண்டின் வடகிழக்கில் இன்று டவுன் என முடியும் பெயர்களைத் தாங்கி நிற்கும் பகுதிகள் அந்த விரிவாக்கக் காலத்தின் நினைவுகள். 1947இல் தண்டு மைசூர் அரசிடம் திரும்பியது. 1949இல் நகரோடு இணைந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. எல்லைகள் மாறின, தமிழர் இருந்த இடத்திலேயே இருந்தனர்.

இத்தகைய பகுதியில் தமிழ் வாசிப்பு என்பது தமிழ்நாட்டில் இருந்ததைப் போன்றதன்று. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலமோ கன்னடமோ பயின்ற பலருக்குத் தமிழ் எழுத்தோடு இருந்த வழக்கமான தொடர்பு சென்னையிலிருந்து வந்த வார இதழ்களே. பாடநூலைவிட தொடர்கதை அவர்களுக்கு நெருக்கமாக இருந்தது. எனவே தமிழ் இலக்கிய வரலாற்றில் வார இதழ் எனும் சொல் ஏற்றிருக்கும் இழிபொருளை இங்கிருந்து காணும்போது வேறொரு கேள்வி எழுகிறது. வார இதழ்ப் புனைவு, தீவிர இலக்கியம் என்ற பிரிவினை எதனைப் பிரித்தது? எதனைப் பார்க்கவிடாமல் மறைத்தது?

இக்கேள்விக்கு விடை தேட பெங்களூரைவிடப் பொருத்தமான நகரம் இல்லை. எண்பதுகளில் தமிழ்ப் புனைவு யதார்த்தவாதத்தை மீறி நடத்திய இரண்டு முக்கிய முயற்சிகள் இந்நகரில் வாழ்ந்த இருவரிடமிருந்தே வந்தன. அவ்விரண்டும் இதுவரை ஒரே மேசையில் வைத்து வாசிக்கப்பட்டது மிக அரிது.

2

முதலாமவர் சுஜாதா. எஸ். ரங்கராஜன் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் பயின்று, நடுவண் அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றி, பின்னர் ஜாலஹள்ளியிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்கு முக்கியப் பங்கிருந்தது. பகலில் அலுவலகம், மற்ற நேரங்களில் குமுதம், ஆனந்த விகடன், தினமணி கதிர் என ஒரே சமயத்தில் பல இதழ்களுக்கான தொடர்கள் என அவருடைய பெங்களூர் ஆண்டுகள் கழிந்தன. கணேஷ், வசந்த் என்னும் இரு வழக்கறிஞர்களை வைத்து எழுதிய துப்பறியும் கதைகளும், அறிவியல் புனைகதைகளும் அவரை இலட்சக்கணக்கான வாசகரிடம் கொண்டு சேர்த்தன. எண்பதுகளின் நடுப்பகுதியில் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘என் இனிய இயந்திரா’, அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’ ஆகியவை அவ்வகையில் மிகப் பரவலாக அறியப்பட்டவை. முதற்கதை பின்னர் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

இரண்டாமவர் தமிழவன். கார்லோஸ் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் பேராசிரியராக இருந்தார். 1982இல் வெளிவந்த அவருடைய ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ அமைப்பியல் சிந்தனையைத் தமிழ்த் திறனாய்வுக்குள் விரிவாகக் கொண்டுவந்த நூல். தமிழவன், ஜி.கே. இராமசாமி உள்ளிட்டோரின் முயற்சியால் பெங்களூரிலிருந்து வெளிவந்த ‘படிகள்’ என்னும் சிற்றிதழ் இலக்கியத்தோடு திரைப்படத்தையும் வெகுசனப் பண்பாட்டையும் விமர்சன நோக்கில் ஆராய்ந்தது. 1985இல் தமிழவனின் ‘ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்’ என்னும் நாவல் வெளிவந்தது. தமிழில் மாய யதார்த்தவாத நாவல் என்னும் பேச்சு தொடங்கும் இடங்களில் இந்நாவல் தவறாமல் குறிப்பிடப்படும். 1993இல் வந்த ‘சரித்திரத்தில் படிந்த நிழல்கள்’ இல்லாத ஒரு நாட்டின் வரலாறாக எழுதப்பட்டது. தமிழரின் அண்மைக்கால அரசியலின் உருவகமாக அதனை வாசித்தவர் பலர்.

ஜாலஹள்ளி நகரின் வடமேற்கில் உள்ளது. பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகம் தென்மேற்கில். இரண்டுக்கும் கிழக்கே, தமிழர் செறிந்த தண்டுப் பகுதி. ஆயினும் இலக்கிய வரலாற்று நூல்கள் காட்டும் தொலைவு இந்நிலத் தொலைவைவிடப் பெரிது. சுஜாதா ‘வெகுசன எழுத்து’ என்ற இயலில் வருவார். தமிழவன் ‘பின்நவீனத்துவம்’ என்ற இயலில் வருவார். ஓர் இயலிலிருந்து மற்றோர் இயலுக்குக் குறுக்குக் குறிப்புகூட இராது.

3

ஆங்கில உலகில் இலக்கியப் புனைவு, வகைமைப் புனைவு என்னும் பிரிவினை எவ்வாறு தோன்றியது என்பதை ஒப்பிட்டால் தமிழின் தனித்தன்மை விளங்கும். 1926ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் நியூயார்க்கில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே வெளிவந்த இதழ் அது. துப்பறியும் கதைக்குத் தனி இதழ், காதற்கதைக்குத் தனி இதழ், திகிற்கதைக்குத் தனி இதழ் என மலிவுத் தாளில் அச்சான இதழ்கள் வாசகரை வகைமை வாரியாகப் பிரித்தன. பின்னர் நூற்கடையின் அடுக்குகளும் அவ்வாறே பிரிந்தன. ஒரு நூல் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதே அதன் தகுதியை ஓரளவு தீர்மானித்தது. ஆகவே அங்கே சண்டை அடுக்குகளைப் பற்றியது. 2015இல் கசுவோ இஷிகுரோவின் ‘தி பரீட் ஜயன்ட்’ வெளிவந்தபோது, அது மிகுபுனைவு எனப்படுவதைக் குறித்து அவர் தயக்கம் காட்டியதாகக் கருதி உர்சுலா லெ குவின் கடிந்துகொண்டது அச்சண்டையின் அண்மைக்கால நிகழ்ச்சி.

அதே 1926ஆம் ஆண்டில்தான் சென்னையில் ‘ஆனந்த விகடன்’ தோன்றியது, இரண்டாண்டுகளில் எஸ்.எஸ். வாசன் அதனை வாங்கினார். ஆனால் தமிழ் வார இதழ் வாசகரை வகைமை வாரியாகப் பிரிக்கவில்லை. ஒரே அட்டைக்குள் குடும்பக்கதை, சரித்திரத் தொடர், துப்பறியும் தொடர், நகைச்சுவைத் துணுக்கு, சமையற்குறிப்பு, பக்திக் கட்டுரை அனைத்தும் அடங்கின. பின்னாளில் பாக்கெட் நாவல் போன்ற மாத நாவல்கள் துப்பறியும் கதையை முதன்மைப்படுத்தின என்றாலும், அறிவியல் புனைவுக்கென நிலைத்த இதழோ அடுக்கோ தமிழில் உருவாகவில்லை. எனவே தமிழில் எல்லைக்கோடு வேறிடத்தில் விழுந்தது. எவ்வகைக் கதை என்பதைவிட, எந்த இதழில் வந்த கதை என்பதே முதற்கேள்வியாயிற்று. ஆங்கிலத்தில் அடுக்கு பிரித்ததைத் தமிழில் தாள் பிரித்தது.

4

இந்தத் தாள்வழிப் பிரிவினைக்கு முன்பு தமிழ் உரைநடைப் புனைவு கற்பனையின் எல்லைகளைக் குறித்து அவ்வளவு கூச்சப்படவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 1910இல் வெளிவந்த பாரதியின் ‘ஞானரதம்’ மனத்தைத் தேராக்கிப் பிற உலகங்களுக்குப் பயணம் செய்யும் உரைநடை. மணிக்கொடி மரபின் தலைமகனாகக் கொண்டாடப்படும் புதுமைப்பித்தன் ‘காஞ்சனை’, ‘பிரம்ம ராக்ஷஸ்’, ‘கபாடபுரம்’ ஆகியவற்றை எழுதியவர். மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்னும் பெயரில் தமிழுக்குத் தந்தவரும் அவரே. உலக அறிவியல் புனைவின் தொடக்கமாகப் பலரால் கருதப்படும் நூல் தமிழுக்கு வந்தது தீவிர இலக்கியத்தின் மூலவர் ஒருவரின் கைவழியாகத்தான். இச்செய்தி பாடநூல்களில் அவருடைய மொழிபெயர்ப்புப் பட்டியலின் ஒரு வரியாக ஒடுங்கிவிட்டது.

பிரிவினை இறுகியது அடுத்த தலைமுறையில். வார இதழ்களின் விற்பனை பெருகப் பெருக, அவற்றின் சுவைக்கு எதிராகத் தம்மை வரையறுத்துக்கொள்ளும் தேவை எழுத்தாளர் சிலருக்கு எழுந்தது. க.நா. சுப்ரமண்யம் கல்கியின் எழுத்தைத் தொடர்ந்து விமர்சித்தார். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துக்கொண்டே வெளிவந்தது. விற்பனையின் சிறுமையையே இலக்கிய நேர்மையின் சான்றாக மாற்றிய செயல் அது. அந்தக் காலத்தில் அது தேவையாகவும் இருந்தது. புதுக்கவிதை உட்பட, வார இதழ்களில் இடம்பெற்றிருக்க இயலாத பலவற்றுக்கு அத்தாள்களே இடமளித்தன. சிற்றிதழின் கடுமையை இன்று எள்ளி நகையாடுவது வரலாற்று அறியாமையாகும்.

ஆனால் அக்கடுமைக்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. வார இதழிலிருந்து இலக்கியத்தைப் பிரிக்கும் அளவுகோலாக யதார்த்தம் மெல்ல மெல்ல அமர்ந்தது. வார இதழ் கனவு விற்கிறது, இலக்கியம் வாழ்வைக் காட்டுகிறது என்னும் எதிர்நிலை பழகிப்போனது. இதற்கு நிறுவனச் சான்றும் உண்டு. சாகித்திய அகாதெமி 1956இல் கல்கியின் மறைவுக்குப் பின் அவருக்குப் பரிசளித்தபோது தேர்ந்தது ‘அலை ஓசை’ என்னும் சமூக நாவலை. வாசகர் நெஞ்சில் நின்ற ‘பொன்னியின் செல்வ’னை அன்று. அறுபதுகளில் ஆனந்த விகடனில் எழுதிய ஜெயகாந்தன் அவ்விதழில் எழுதியதனால் இலக்கியத் தகுதியை இழக்கவில்லை. பின்னாளில் ஞானபீடப் பரிசும் பெற்றார். வார இதழ்த் தாளைத் தாண்டிச் செல்லும் கடவுச்சீட்டு யதார்த்தவாதியிடம் இருந்தது. வார இதழ்த் தாள், யதார்த்தத்துக்கு அப்பாற்பட்ட கதை என்னும் இரண்டையும் ஒருசேரச் சுமந்தவருக்கே அது மறுக்கப்பட்டது.

5

சுஜாதாவின் நிலையே இதற்கு நேர்ச்சான்று. அவர் சிற்றிதழ் உலகுக்கு அந்நியர் அல்லர். 1965இல் டெல்லியில் தொடங்கப்பட்ட ‘கணையாழி’யில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் அவர் எழுதிய கடைசிப்பக்கம் பல்லாண்டுகள் தொடர்ந்தது. புதுக்கவிதையையும் புதிய எழுத்தாளர்களையும் அப்பக்கம் வாசகருக்கு அறிமுகப்படுத்தியது. ஒரே மனிதர் ஒரு கையால் குமுதத்துக்கும் மறு கையால் கணையாழிக்கும் எழுதினார். இரு தாள்களுக்கும் இடையில் தடையின்றி நடமாடிய மிகச் சிலருள் அவர் ஒருவர்.

பின்னர் திறனாய்வாளர் அவருக்கு இடமளிக்க முன்வந்தபோது எவற்றைத் தேர்ந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். மதுரை மருத்துவமனையில் எழுத்தறிவில்லாத தாய் ஒருத்தி நோயுற்ற மகளோடு அலைக்கழிவதைச் சொல்லும் ‘நகரம்’ தொகுப்புகளில் இடம்பெற்றது. சிறுவயது ஊரை நினைவுகூரும் ஸ்ரீரங்கத்துக் கதைகள் பாராட்டப்பட்டன. அதாவது சுஜாதாவுக்குள்ளிருந்து ஒரு யதார்த்தவாதியைப் பிரித்தெடுத்து அவருக்கு மட்டும் இலக்கியத்தில் இடமளித்தனர். அறிவியல் புனைகதைகள், விறுவிறுப்பான பொழுதுபோக்கு என்ற அளவில் பழைய இடத்திலேயே விடப்பட்டன. அவருக்கு 1993இல் நடுவண் அரசின் அறிவியல் பரப்புரைக்கான தேசிய விருது கிடைத்தது. சாகித்திய அகாதெமிப் பரிசு 2008இல் அவர் மறையும் வரை கிடைக்கவில்லை. அறிவியலைப் பரப்பியவர் என்ற மதிப்பு வந்தது. அறிவியலைக் கொண்டு புனைவெழுதியவர் என்ற மதிப்பு வரவில்லை.

6

இவ்விரு பெங்களூர் எழுத்தாளரையும் அருகருகே வைத்து வாசித்தால் என்ன தெரியும்? ‘என் இனிய இயந்திரா’வின் கதை 2020களின் தொடக்கத்தில் நிகழ்கிறது. ஜீவா என்னும் தலைவரின் ஆட்சியில் நாடு முழுவதும் கணிப்பொறியின் கண்காணிப்பில் இருக்கிறது. பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். முதியோருக்கு வாழும் உரிமை வரையறுக்கப்பட்டிருக்கிறது. நிலா என்னும் எளிய பெண் காணாமற்போன கணவனைத் தேடத் தொடங்கி, ஜீனோ என்னும் இயந்திர நாயின் துணையோடு அதிகாரத்தின் நடுப்பகுதி வரை செல்கிறாள். அங்கே அவள் அறியும் உண்மை, மக்கள் கண்டு வணங்கிய ஜீவா என்னும் மனிதன் இல்லை. இருப்பது ஒளியால் உருவாக்கப்பட்ட பிம்பம் மட்டுமே.

இத்தொடர் எழுதப்பட்ட காலத்தை நினைவுகூர வேண்டும். தமிழ்நாட்டில் 1977 முதல் 1987 வரை, 1980இல் நேர்ந்த சிறு இடைவெளி தவிர, ஆட்சியிலிருந்தவர் திரையில் உருவான பிம்பத்தின் வலிமையோடு அரசியலுக்கு வந்த எம்.ஜி.ஆர். பிம்பம் ஆள்வது எனும் கற்பனை தமிழ் வாசகருக்கு வேற்றுக் கோளிலிருந்து வந்ததன்று. மேலும், இதனை எழுதியவர் வாக்கைப் பதியும் இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்ற பொறியாளர். அவ்வகை இயந்திரம் இந்தியத் தேர்தலில் முதன்முதலாகப் பயன்பட்டது 1982இல், கேரளத்தின் பரவூர்த் தொகுதியில். மக்களாட்சியின் கருவியைச் செய்யும் துறையில் பணியாற்றிய ஒருவர், அதே ஆண்டுகளில், மக்களும் இயந்திரமும் பிம்பமும் சேர்ந்து மக்களாட்சியை எவ்வாறு வெறுமையாக்கக்கூடும் என்று வார இதழ் வாசகருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இதனைப் பொழுதுபோக்கு என்று மட்டும் வகைப்படுத்தியது திறனாய்வின் சோம்பல்.

இப்போது ‘சரித்திரத்தில் படிந்த நிழல்க’ளுக்கு வருவோம். அதுவும் இல்லாத ஒரு நாட்டைப் படைக்கிறது. அதுவும் தலைமை, வழிபாடு, கதைகளால் கட்டப்படும் அதிகாரம் ஆகியவற்றைப் பேசுகிறது. சுஜாதா எதிர்காலத்தில் தேடியதைத் தமிழவன் புனைந்த கடந்தகாலத்தில் தேடினார். ஒருவருக்குக் கருவி மின்னணுவியல், மற்றவருக்கு மொழியியல். ஒருவர் வாசகனை அடுத்த வாரம் வரை காக்க வைக்கும் முடிச்சுகளால் கதையை நகர்த்தினார். மற்றவர் முடிச்சு அவிழும் என்னும் எதிர்பார்ப்பையே குலைத்தார். வேறுபாடுகள் ஆழமானவை, அவற்றை மழுப்ப வேண்டியதில்லை. வார இதழின் வேகத்தில் எழுதப்பட்ட ஜீனோ கதைகளில் அவசரமும், பாத்திரங்களின் மெலிவும் உண்டு. தமிழவனின் நாவலில் வாசகரை விலக்கும் இறுக்கம் உண்டு. ஆனால் இரண்டும் கேட்ட கேள்வி ஒன்றே: தமிழர் தம்மை ஆள்வோரை எவ்வாறு கற்பனை செய்கின்றனர்? யதார்த்த நாவல் அக்கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்க இயலாத காலத்தில், ஒரே நகரில் வாழ்ந்த இருவர் யதார்த்தத்தை விட்டு விலகியே அதனைக் கேட்டனர்.

இங்கேதான் பிரிவினையின் இழப்பு புலப்படுகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ‘படிகள்’, பிரம்மராஜனின் ‘மீட்சி’, கோணங்கியின் ‘கல்குதிரை’ போன்ற இதழ்களின் வழி போர்ஹெஸும் மார்க்வெஸும் தமிழுக்கு வந்தனர். அவ்வரவு தமிழ்ப் புனைவை வளப்படுத்தியது. ஆயினும், அந்த போர்ஹெஸ் 1940இல் பியோய் காசாரெஸ், சில்வினா ஓகாம்போ ஆகியோரோடு சேர்ந்து மிகுபுனைவுக் கதைகளின் தொகைநூலை வெளியிட்டவர். துப்பறியும் கதையை மதித்து எழுதியவர். அவரை வரவேற்ற சிற்றிதழ் உலகம், தன் மொழியில் துப்பறியும் கதையும் அறிவியல் கதையும் எழுதிய ஒருவர் அருகிலேயே இருப்பதைத் திறனாய்வுக்குரிய நிகழ்வாகக் கருதவில்லை. தொலைவிலிருந்து வந்த மாயத்துக்குக் கோட்பாடு கிடைத்தது. பக்கத்துத் தெருவில் விற்ற மாயத்துக்கு விற்பனை மட்டும் கிடைத்தது. கூர்மையான விமர்சனம் கிடைத்திருந்தால் தமிழ் அறிவியல் புனைவு ஒருவருடைய பெயரோடு நின்றுவிடாமல் ஒரு மரபாக வளர்ந்திருக்கக்கூடும். அதேபோல், பரந்த வாசகர் கிடைத்திருந்தால் தமிழவனின் முயற்சி கல்வித்துறைக்கு வெளியேயும் உரையாடலாகியிருக்கக்கூடும்.

7

இப்பிரிவினை தவிர்க்க முடியாதது என்று கருதுவோர் அதே மாநிலத்தின் கன்னட இலக்கியத்தைப் பார்க்கலாம். பூரணசந்திர தேஜஸ்வியின் ‘கர்வாலோ’ 1980இல் வெளிவந்தது. மலைநாட்டுக் காட்டில் பறக்கும் பல்லி ஒன்றைத் தேடிச் செல்லும் அறிவியலாளர், அவரோடு சேரும் உழவர், வேலையாள் ஆகியோரின் கதை அது. துப்பறியும் கதையின் இழைகளைக் கொண்ட அவருடைய ‘சிதம்பர ரகசிய’ 1987ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றது. ஜீனோ கதைகள் விகடன் வாசகரை ஈர்த்திருந்த அதே ஆண்டுகள் அவை. அறிவியலும் மர்மமும் கன்னடத்தில் இலக்கியத் தகுதிக்குத் தடையாகவில்லை.

இதற்குத் தேஜஸ்வியின் ஆற்றல் மட்டும் காரணமன்று; தாளும் காரணம். 1980இல் பெங்களூரில் பி. லங்கேஷ் தொடங்கிய ‘லங்கேஷ் பத்ரிகே’ விளம்பரம் ஏற்காத வார இதழ். அதன் ஆசிரியர் கன்னட நவீனத்துவத்தின் முதன்மைப் படைப்பாளிகளுள் ஒருவர். தேஜஸ்வியும் அதில் எழுதினார். பரவலான வாசிப்பும் இலக்கியத் தீவிரமும் ஒரே தாளில் சந்திக்கும் இடம் கன்னடத்துக்கு வாய்த்தது. தமிழில் கணையாழியும், தொண்ணூறுகளின் முற்பகுதியில் கோமல் சுவாமிநாதனின் ‘சுபமங்களா’வும் அத்தகைய நடுவெளிக்கு முயன்றன, வார இதழின் பரப்பை அவை எட்டவில்லை. மராத்தியில் வானியலாளர் ஜயந்த் நார்லிகர் 1974இல் தம் முதல் அறிவியல் கதையைப் புனைபெயரில் போட்டிக்கு அனுப்பினார். மராத்தி அறிவியல் மன்றம் நடத்திய அப்போட்டி, அவ்வகை எழுத்துக்கு அம்மொழியில் இருந்த அமைப்புசார் ஆதரவைக் காட்டுகிறது. எழுத்தாளர் ஒருவரின் திறமை எல்லா மொழிகளிலும் தோன்றலாம். அதைச் சுற்றி மரபு உருவாவது இதழ்களையும் அமைப்புகளையும் பொறுத்தது.

8

இன்று அக்கோடு மங்கிவருகிறது. தீவிர இலக்கியத்தின் நடுவில் நிற்கும் ஜெயமோகன் ‘விசும்பு’ என்னும் அறிவியல் புனைகதைத் தொகுப்பை எழுதினார். 2018இல் தொடங்கிய ‘அரூ’ என்னும் இணைய இதழ் கனவுருப்புனைவைத் தன் களமாக அறிவித்துக்கொண்டு அறிவியல் சிறுகதைப் போட்டிகளை நடத்தியது. 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுசனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபின், பல்கலைக்கழக வகுப்பறைகளிலும் அவற்றுக்கு இடம் கிடைக்கத் தொடங்கியது. தாளே மறைந்து திரை வந்துவிட்ட காலத்தில் தாள்வழிப் பிரிவினை நீடிக்க வழியில்லை.

ஆனால் வருங்காலம் திறந்துவிட்டதனால் கடந்தகாலம் தானே திருந்திவிடாது. தொடர்கதையின் வரலாற்றை எழுதுவதற்கு நூல்வடிவம் போதாது. வாரந்தோறும் எங்கே நிறுத்தப்பட்டது, எந்த ஓவியத்தோடு வந்தது, எந்த விளம்பரத்தின் பக்கத்தில் அச்சானது, வாசகர் கடிதங்கள் என்ன சொல்லின என்பனவெல்லாம் இதழிலேயே உள்ளன. சிற்றிதழ்களைச் சேகரிப்போர் ஒவ்வோர் இதழையும் போற்றிக் காத்தனர். வார இதழ்களைப் பெரும்பாலான வீடுகள் படித்து முடித்ததும் பழைய தாள் கடைக்குப் போட்டன. சிலர் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்தனர். சென்னையின் ரோஜா முத்தையா நூலகம் போன்றவை காத்துவைத்திருப்பவை விலைமதிப்பற்றவை. தமிழ்நாட்டுக்கு வெளியே, பெங்களூர்த் தண்டு போன்ற பகுதிகளில் வார இதழ்கள் எவ்வாறு வாசிக்கப்பட்டன என்பதை ஆராய அந்த வாசகரின் நினைவுகளும் வேண்டும். அத்தலைமுறை முதுமையில் இருக்கிறது.

ஆய்வு மாணவருக்கு இங்கே வேலை காத்திருக்கிறது. 1985இன் தமிழவன் நாவலையும் அதே காலத்துச் சுஜாதா தொடரையும் ஒரே இயலில் வைத்து ஆராயும் ஆய்வேடு. கணையாழியின் கடைசிப்பக்கத்தையும் படிகளின் பண்பாட்டு விமர்சனத்தையும் எதிரெதிரே நிறுத்தி வாசிக்கும் கட்டுரை. ரிச்சர்ட்ஸ் டவுன், பிரேசர் டவுன், அல்சூர்ப் பகுதிகளின் முதிய வாசகரிடம் வாய்மொழி வரலாறு திரட்டும் களப்பணி. இவற்றில் எதற்கும் புதிய கோட்பாடு தேவையில்லை. இலக்கிய வரலாற்று நூலில் இரண்டு இயல்களுக்கு நடுவே விடப்பட்ட வெற்றுப் பக்கத்தை நிரப்பும் விருப்பம் போதும். தண்டுத் தமிழரின் வீடுகளுக்கு விகடன் வந்தபோது, உள்ளே இருந்த ஜீனோ வணிகமா இலக்கியமா என்று வாசகர் கேட்கவில்லை. அந்த இயந்திர நாய் அடுத்த வாரம் என்ன சொல்லும் என்றுதான் காத்திருந்தனர். அக்காத்திருப்பும் தமிழ் இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியே.